ஸ்டூடண்ட் விசா இன்டர்வியூ: 3 நிமிஷத்துல என்ன கேட்பாங்க? உசிலம்பட்டி மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

போடிநாயக்கனூரில் இருந்து உசிலம்பட்டி வழியாக சென்னை சென்ட்ரலுக்கு வாரத்தில் 3 நாள் ரயில் போகிறது. இரவு ஏறினால் காலையில் சென்னை. 2023 ஜூனில் தொடங்கிய இந்த ரயிலில், மடியில் ஒரு பெரிய ஃபைலை வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவரை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர் போவது அண்ணா சாலை ஜெமினி அருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு.

அந்த ஃபைலுக்குள் இருப்பது வெறும் காகிதம் இல்லை. அப்பாவின் நிலப் பத்திரம், அம்மாவின் நகைக்கடன் ரசீது, வங்கியின் கல்விக்கடன் கடிதம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் கவுன்ட்டரில் நிற்கப்போவது பெரும்பாலும் 2 அல்லது 3 நிமிஷம்தான். பல நேரம் அந்த ஃபைலை அதிகாரி திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? எப்படித் தயாராவது? எங்கே ஏமாறுகிறோம்? பார்க்கலாம்.

எல்லா நாட்டுக்கும் இன்டர்வியூ உண்டா?

இல்லை. அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவுக்கு நேரில் இன்டர்வியூ உண்டு. பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர்களில் பலரிடம், அவர் உண்மையான மாணவரா என்று பார்க்க வீடியோ காலில் பேசுகிறார்கள். பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் சேர்க்கை உறுதிக் கடிதம் தருவதற்கு முன்பே தாங்களாகவே ஒரு இன்டர்வியூ வைக்கின்றன.

கனடா, ஆஸ்திரேலியாவுக்குப் பொதுவாக எழுத்தில்தான் எல்லாம். ஆஸ்திரேலியாவில் 2024 மார்ச் 23 முதல் 'உண்மையான மாணவர்' என்ற விதி வந்திருக்கிறது. ஏன் இந்தப் படிப்பு, ஏன் அந்த நாடு, படித்து என்ன பயன் என்று விண்ணப்பத்திலேயே பதில் எழுத வேண்டும். ஜெர்மனிக்குப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ் சான்றிதழ் கட்டாயம்.

நேரில் கேட்டாலும், எழுத்தில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். நீங்கள் படிக்கத்தான் போகிறீர்களா? அதற்குப் பணம் இருக்கிறதா? அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

அமெரிக்கா ஏன் இவ்வளவு கறார்?

2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம். ஆனால் நிராகரிப்பும் குறைவில்லை. 2023-24 நிதியாண்டில் உலக அளவில் எஃப்-1 விண்ணப்பங்களில் சுமார் 41% நிராகரிக்கப்பட்டன. அதாவது 10 பேரில் 4 பேர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

இதற்குக் காரணமாக அதிகம் சொல்லப்படுவது குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அமெரிக்காவிலேயே தங்கிவிட வருபவர் என்றுதான் அந்தச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. 'நான் தப்பு எதுவும் பண்ணலையே' என்பது இங்கே பதில் ஆகாது. படிக்கப் போகிறேன், முடித்துவிட்டு வருவேன் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும்.

இன்டர்வியூவுக்கு முன் என்னென்ன வேலை?

1. ஐ-20 படிவம்: உங்களைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் அனுப்புவது. என்ன படிப்பு, எவ்வளவு காலம், முதல் வருஷச் செலவு எவ்வளவு, அதை யார் தருகிறார்கள் எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போட மறக்காதீர்கள்.

2. செவிஸ் கட்டணம்: 350 டாலர். ரசீது பத்திரம்.

3. டி.எஸ்-160 ஆன்லைன் விண்ணப்பம்.

4. விசா கட்டணம்: 185 டாலர். நம் காசுக்கு சுமார் 16,000 ரூபாய். விசா கிடைக்காவிட்டாலும் இது திரும்ப வராது. (இந்தக் கட்டணங்கள் 2025 நிலவரம், கட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

5. இரண்டு அப்பாயின்ட்மென்ட்: முதலில் விசா விண்ணப்ப மையத்தில் கைரேகை, போட்டோ. அடுத்து தூதரகத்தில் இன்டர்வியூ. பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு நாளில் வரும். ஊரிலிருந்து போகிறவர்கள் சென்னையில் தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பாஸ்போர்ட் எடுக்கும்போதே பெயரில் கவனம் தேவை. நம் ஊரில் இனிஷியல்தான் வழக்கம். சர்நேம் கட்டத்தை காலியாக விட்டுவிட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். விசா செல்லும், ஆனால் அங்கே போய் வங்கிக் கணக்கு, அடையாள அட்டை என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி வருமா என்று பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை யார் நிரப்புவது?

இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். 'தம்பி, நீ பாஸ்போர்ட்டைக் குடு, மத்ததை நாங்க பாத்துக்குறோம்' என்று ஏஜென்ட் சொல்லுவார். நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் இன்டர்வியூ எடுக்கும் அதிகாரியின் கம்ப்யூட்டர் திரையில் இருப்பது அந்த டி.எஸ்-160 தான். அதில் ஏஜென்ட் அப்பாவின் தொழிலை 'பிசினஸ்' என்று போட்டிருக்கிறார், நீங்கள் கவுன்ட்டரில் 'விவசாயம்' என்று சொல்கிறீர்கள் என்றால், நீங்கள் சொன்னது உண்மையாக இருந்தும் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

அதில் கேட்கப்படும் சில விஷயங்கள்: அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? முன்பு விசா மறுக்கப்பட்டிருக்கிறதா? கடந்த 5 வருஷத்தில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகள் எவை? இந்த விண்ணப்பத்தை நிரப்ப யாராவது உதவினார்களா? நியூஜெர்சியில் இருக்கும் மாமாவை மறைத்தால் விசா சுலபமாகக் கிடைக்கும் என்று சிலர் சொல்லுவார்கள். மாமா இருப்பது குற்றம் இல்லை. மறைப்பதுதான் பிரச்சினை.

2025 ஜூன் முதல் மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக வலைதளப் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி 'பப்ளிக்' ஆக வைக்க வேண்டும் என்றும் அமெரிக்கா சொல்லியிருக்கிறது. பழைய கணக்கு ஏதாவது மறந்து கிடக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்து எழுதுங்கள்.

பணத்தை எப்படிக் காட்டுவது?

உசிலம்பட்டி பக்கம் பல குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பூ, நெல், ஆடு மாடு, சின்னக் கடை என்று வருமானம் பல வழியில் வரும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் பலர் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். இதனால் விசா கிடைக்காது என்று பயப்பட வேண்டியதில்லை. சொல்லும் கணக்கு தெளிவாக இருந்தால் போதும்.

பட்டா, சிட்டா, நிலத்தின் மதிப்புச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், ஆடிட்டரிடம் வாங்கும் சொத்து மதிப்புச் சான்றிதழ், கல்விக்கடன் அனுமதிக் கடிதம் ஆகியவற்றை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். நிலம் சொத்துதான், ஆனால் நாளைக்கே ஃபீஸ் கட்ட உதவாது. அதனால் முதல் வருஷச் செலவுக்கு உடனே எடுக்கக்கூடிய பணமோ கடனோ இருப்பதைக் காட்டுவது முக்கியம்.

அடுத்து, மொய். வெளிநாட்டுச் செலவை மனதில் வைத்து காதுகுத்தோ வசந்த விழாவோ வைத்து, வந்த மொய்ப்பணத்தை அப்படியே வங்கியில் போடுவது நம் பக்கம் நடக்கிற விஷயம். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இன்டர்வியூவுக்கு 10 நாள் முன்பு கணக்கில் திடீரென்று 8 லட்சம் ஏறியிருந்தால், பார்ப்பவருக்கு அது கடன் வாங்கிப் போட்டதாகத்தான் தெரியும். கூடியவரை முன்கூட்டியே போடுங்கள். மொய் நோட்டு, பத்திரிகை இரண்டையும் வைத்திருங்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: 'எங்க வீட்டு விசேஷத்துல சொந்தக்காரங்க குடுத்தது சார், அவங்க விசேஷத்துல நாங்க திரும்பச் செய்வோம்.'

பிரிட்டன் இதற்கு விதியே வைத்திருக்கிறது. சொந்தப் பணமாகக் காட்டினால் அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் படிக்க மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171 பவுண்டு என்று 9 மாதம் வரைக்கான செலவைக் காட்ட வேண்டும். கனடாவுக்கு 2025 செப்டம்பர் முதல் ஒருவருக்கு 22,895 கனடா டாலர். ஆஸ்திரேலியாவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர். ஜெர்மனிக்கு வருஷத்துக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட வேண்டும். இங்கே சொன்ன பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியத் தொகைகளில் கல்விக் கட்டணம் சேராது.

'ஷோ மணி' என்று ஒன்று நடக்கிறது. ஏஜென்டே உங்கள் கணக்கில் சில நாள் பணம் போட்டுக் காட்டி, அதற்கு வட்டியும் கமிஷனும் வாங்கிக்கொள்வார். விசாவே கிடைத்தாலும், அங்கே இரண்டாவது செமஸ்டருக்கு ஃபீஸ் கட்ட அந்தப் பணம் இருக்காது. அப்போது தவிக்கப்போவது உங்கள் பிள்ளைதான்.

இன்னொன்று. கல்லூரி உதவித்தொகைக்கு வருஷ வருமானம் 72,000 என்று சான்றிதழ், விசாவுக்கு 12 லட்சம் என்று சான்றிதழ். இரண்டில் ஒன்று பொய் என்பது யாருக்கும் புரியும். உண்மையான வருமானம் எதுவோ அதையே எல்லா இடத்திலும் சொல்லுங்கள்.

என்ன கேட்பார்கள்? எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?

'உலகத்தரம் வாய்ந்த பேராசிரியர்கள், சிறந்த ஆய்வகம்' என்ற பதிலை அதிகாரி அன்றைக்குக் காலையில் மட்டும் எத்தனை முறை கேட்டிருப்பாரோ! நீங்கள் படிக்கப்போகும் பாடங்களில் இரண்டின் பெயரைச் சொல்லி, அது உங்களுக்கு எதற்கு என்று சொல்லுங்கள். உதாரணத்துக்கு, நீர் மேலாண்மை படிக்கப்போகும் ஒரு சிவில் மாணவர் இப்படிச் சொல்லலாம்: 'எங்க ஊர்ல 58 கிராம கால்வாய்னு ஒண்ணு இருக்கு. வைகை அணையில தண்ணி நல்லா ஏறினாத்தான் அதுல வரும். இருக்குற தண்ணியை எப்படிப் பங்கு போடுறதுங்கிறதைத்தான் நான் படிக்கப்போறேன். அதுக்கான பாடம் இந்தக் கோர்ஸ்ல ரெண்டு இருக்கு.' இதையே எல்லோரும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறவர் கால்வாயைப் பற்றிப் பேசினால் காரியம் கெட்டுவிடும்!

கேள்வி: செலவை யார் பார்க்கிறார்கள்?

'எங்க அப்பா' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எண்ணோடு சொல்லுங்கள். 'முதல் வருஷச் செலவு இவ்வளவு. அதுல பேங்க் லோன் இவ்வளவு சாங்ஷன் ஆயிருக்கு. மீதி அப்பாவோட சேமிப்பு. அப்பா விவசாயம் பண்றார், 4 ஏக்கர் இருக்கு.' இந்தத் தொகையும் ஐ-20-ல் உள்ள தொகையும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: படித்து முடித்ததும் என்ன செய்வீர்கள்?

'ஊருக்கே வந்துடுவேன், அங்க ஒருநாள்கூட இருக்க மாட்டேன்' என்று பதறிச் சொல்வதும் நம்பும்படி இருக்காது. படிப்போடு சேர்ந்த பணிப் பயிற்சிக்கு அமெரிக்கச் சட்டமே 12 மாதம் அனுமதிக்கிறது. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கூடுதலாக 24 மாதம். ஆனால் இன்டர்வியூவில் அதையே போகும் காரணமாகச் சொன்னால், படிக்கப் போகிறவர் என்று தோன்றாது. இந்தியாவில் எந்தத் துறையில், என்ன மாதிரி நிறுவனத்தில், என்ன வேலைக்கு இந்தப் படிப்பு உதவும் என்று உண்மையாகவே யோசித்து வைத்திருங்கள். யோசித்துப் பார்த்தும் பதில் வரவில்லை என்றால், இந்தப் படிப்பு நமக்குத் தேவையா என்று வீட்டில் பேச வேண்டிய நேரம் அது.

கேள்வி: அரியர் இருந்ததா? ஏன் 2 வருஷம் இடைவெளி?

மறைக்காதீர்கள். 'இரண்டாவது வருஷம் 3 அரியர் இருந்துச்சு, அடுத்த வருஷமே எழுதி முடிச்சுட்டேன்' என்றால் விஷயம் அதோடு முடிந்தது. இடைவெளியில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் அதையே சொல்லுங்கள். இல்லாத கம்பெனியில் வாங்கிய அனுபவச் சான்றிதழைவிட அது ஆயிரம் மடங்கு பாதுகாப்பு.

இங்கிலீஷ் சரளமா வராதே, என்ன பண்றது?

தமிழ் மீடியத்தில் படித்தவர்களின் முதல் பயம் இதுதான். படிப்பு இங்கிலீஷில் என்பதால் பதிலும் இங்கிலீஷில் சொல்வதுதான் நல்லது. ஆனால் அமெரிக்க உச்சரிப்பு தேவையில்லை. சின்னச் சின்ன வாக்கியம் போதும். கேள்வி புரியவில்லை என்றால் 'இன்னொரு முறை சொல்ல முடியுமா' என்று கேட்கலாம். புரியாத கேள்விக்கு மனப்பாடப் பதிலை ஒப்பிப்பதுதான் ஆபத்து.

தினமும் 10 நிமிஷம் ஒரு நண்பரைக் கேள்வி கேட்கச் சொல்லி, மொபைலில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் உங்கள் ஐ-20, டி.எஸ்-160 இரண்டையும் அப்பா அம்மாவுக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். அவர்களுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அதே விஷயத்தை இங்கிலீஷில் சொல்வதுதான் மீதி. அமெரிக்க அரசின் எஜுகேஷன் யு.எஸ்.ஏ அமைப்பு மாணவர்களுக்கு இலவச ஆலோசனை தருகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பொய் ஆவணம் கொடுத்தால் என்ன ஆகும்?

சாதாரண நிராகரிப்பு வேறு, மோசடி என்ற பெயர் வேறு. அமெரிக்காவில் பொய்த் தகவல் கொடுத்தது உறுதியானால் வாழ்நாள் முழுக்கத் தடை வரலாம். பிரிட்டன் 10 வருஷம், கனடா 5 வருஷம் தடை போடலாம்.

இதற்கு நம் கண் முன்னே நடந்த உதாரணம் கனடா. 2023-ல் இந்திய மாணவர்கள் பலர், பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள், நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். வருஷக்கணக்கில் அங்கே படித்து, வேலையும் பார்த்த பிறகுதான், தாங்கள் விசாவுக்குக் கொடுத்த கல்லூரி சேர்க்கைக் கடிதமே போலி என்று தெரிந்தது. கடிதத்தைத் தயாரித்தது ஏஜென்ட். பலர் தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றார்கள். போராட்டத்துக்குப் பிறகு, 2023 ஜூனில், உண்மையாகவே படிக்க வந்தவர்கள் என்று நிரூபிப்பவர்களை வெளியேற்ற மாட்டோம் என்று கனடா அரசு அறிவித்தது. அந்த ஏஜென்டுக்கு 2024-ல் கனடா நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் அந்த மாணவர்கள் பட்ட பாடு?

அதனால் சேர்க்கைக் கடிதம் வந்ததும், பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள மெயில் முகவரிக்கு நீங்களே எழுதி, இது உங்கள் கடிதம்தானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

ஏஜென்டிடம் போவது தப்பில்லை. ஆனால் இவற்றைக் கேளுங்கள்:

விண்ணப்பத்தில் பிள்ளையின் சொந்த மெயில், சொந்த மொபைல் எண்தான் இருக்கிறதா? பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

நிரப்பிய எல்லாப் படிவத்தின் நகலையும் சமர்ப்பிக்கும் முன் தருவார்களா?

விசா மறுக்கப்பட்டால் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? எழுத்தில் இருக்கிறதா?

'விசா கேரண்டி' என்று சொன்னால், அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். எந்தத் தூதரகமும் யாருக்கும் அப்படி உத்தரவாதம் தருவதில்லை.

முக்கியமாக, விசா வரும் முன்பே நிலத்தை விற்றுவிடாதீர்கள். கல்விக்கடனுக்கு இன்டர்வியூ சமயத்தில் அனுமதிக் கடிதம் போதும். பெரிய தொகையை விசா வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். நகையை முன்கூட்டியே அடகு வைத்தால், இன்டர்வியூ தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

உதவித்தொகையும் தேடுங்கள். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் ஆகியோருக்கு இடம் உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆனாலும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

இன்டர்வியூ அன்று

மொபைல், பை எதையும் தூதரகத்துக்குள் கொண்டுபோக முடியாது. துணைக்கு வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட், அப்பாயின்ட்மென்ட் தாள், டி.எஸ்-160 உறுதித் தாள், ஐ-20, செவிஸ் ரசீது ஆகியவை ஃபைலின் மேலே இருக்கட்டும். மார்க் ஷீட், கடன் கடிதம், வங்கி விவரம் அடுத்து. கேட்டால் மட்டும் கொடுங்கள். சுத்தமான, சாதாரண உடை போதும். கோட்டு சூட்டு வாங்கக் கடன் வாங்க வேண்டாம்.

விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கூடுதல் ஆவணமோ சரிபார்ப்போ தேவை என்றால் 221(ஜி) என்று சொல்வார்கள். அது இறுதி முடிவு இல்லை, காத்திருக்க வேண்டும்.

கிடைக்கலைன்னா?

214(பி)-யில் மறுத்தால் அப்பீல் கிடையாது. ஆனால் மறுபடி விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. திரும்பவும் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் அடுத்த வாரமே ஓடாதீர்கள். கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் வெளியே வந்ததும் எழுதி வையுங்கள். படிப்பா, பணமா, திட்டமா, எதில் தடுமாறினோம் என்று பாருங்கள். அதில் ஏதாவது மாறிய பிறகு போனால்தான் அர்த்தம். அடுத்த முறை, வேறு நாட்டுக்கு விண்ணப்பித்தாலும்கூட, முன்பு மறுக்கப்பட்டதா என்று கேட்டால் 'ஆமாம்' என்றே எழுதுங்கள்.

ஒரு விசா கிடைக்காமல் போனால் ஒரு செமஸ்டர் போகும். நிலமும் நகையும் வீட்டிலேயே இருந்தால், அடுத்த செமஸ்டருக்கு மறுபடி அதே ரயிலில் ஏறலாம். ஆனால் பொய்க் காகிதத்தோடு ஏறிவிட்டால் திரும்பி வர வழி கிடையாது. அந்த 3 நிமிஷத்தில் சொல்லப்போவது உங்கள் கதைதான். அதை ஏஜென்ட் எழுதித் தர வேண்டியதில்லை.

கட்டணங்களும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.